டின்னில் பார்த்த கேரமல்

கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. காம்பைப் பிடித்து இழுத்தேன். கரண்டியோடு சட்டியும் சேர்ந்து மேலே வந்தது.

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். கீழக்கரையில் என் மனைவி வீட்டு அடுப்படி. அசர் தொழுகை முடிந்ததும் விருந்தாளி வந்துவிடுவார். அவர் கிண்ணத்தில் ஊற்ற வேண்டிய கேரமல் சாஸ்தான் இப்படிக் கருங்கல்லாகிக் கரண்டியைக் கவ்விக்கொண்டிருந்தது. இது இரண்டாவது சட்டி. முதல் சட்டியில் செய்தது ரசம் மாதிரி ஓடி, பிறகு கட்டிகட்டியாகத் திரண்டு, குப்பைக்குப் போய்விட்டது.

"ஆயிருச்சா மச்சான்?" முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள் என் மனைவி ஜுனைதா.

"ஆயிருச்சு, ஆயிருச்சு" என்றேன்.

வாய்ப் பழக்கம். ஆகாததை ஆகிவிட்டது என்பதும், இல்லாததை இருக்கிறது என்பதும் எனக்குக் கொஞ்ச காலமாகவே சரளமாக வந்துகொண்டிருந்தது.

தொப்பி வைத்த போட்டோ

வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். இது உண்மை. கிச்சனில் வேலை. இதுவும் உண்மை.

அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. பெண் பேசும்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றால், "வெளிநாட்டுல இருக்கார்" என்பதே முழுப் பதில். எந்த நாடு என்று வேண்டுமானால் கேட்கலாம். அங்கே போய் என்ன செய்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவு. ஏனென்றால் கேட்கிறவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே எதையோ ஒன்றைத்தான் செய்துகொண்டிருப்பான்.

நான் செய்தது சட்டி கழுவுவது. ஆள் உள்ளே இறங்கி நிற்கிற அளவுக்குப் பெரிய அண்டாக்கள், அடிப்பிடித்த தட்டங்கள், கொழுப்பு உறைந்த கம்பி வலைகள். மூன்று வருஷம் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு நின்றேன். நான்காவது வருஷம் ஒரு படி ஏறினேன். இனிப்புப் பகுதியில் டின் திறக்கிற வேலை. குளிர்சாதன அறையிலிருந்து கேரமல் சாஸ் டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, பிழிகிற குப்பியில் வழித்துப் போட்டு, தட்டில் கோடு போடுவேன். அந்தக் கோட்டுக்கு மேல் வேறொருவர் கேக்கை வைப்பார். என் சமையல் கலை அந்தக் கோட்டோடு முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய செஃப் கழற்றி வைத்துவிட்டுப் போன உயரத் தொப்பியைத் தலையில் மாட்டி ஒரு போட்டோ எடுத்து அபிராமத்தில் என் வீட்டுக்கு அனுப்பினேன். விளையாட்டுக்குத்தான். என்னைப் பெற்ற அத்தா அதை மாமன்மாரிடம் காட்ட, மாமன்மார் தரகரிடம் காட்ட, போட்டோ கீழக்கரை வரை போய்விட்டது. போட்டோவோடு ஒரு சொல்லும் போனது: செஃப் மாப்பிள்ளை.

நான் மறுக்கவில்லை. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கல்யாணம் முடிந்த புதிதில் ஜுனைதாவிடம் ஒரு கதை சொன்னேன். நான் செய்த கேரமல் சாஸைச் சாப்பிட்ட ஒரு அரபிப் பெரியவர், இதைச் செய்தவன் எவன் என்று கிச்சன் வரைக்கும் தேடி வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார் என்று. அவள் கண் விரியக் கேட்டாள். அந்தக் கண்ணுக்காக அரபிக்குத் தாடியும் வைத்தேன், தங்கக் கடிகாரமும் கட்டிவிட்டேன்.

விருந்தாளியாகவே இருப்பவன்

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். நான் அபிராமத்துக்காரன். பருத்தியும் மிளகாயும் தெரியும்; இந்த வழக்கம் புதிது. தட்டில் கறி குறைந்தால் பக்கத்தில் யாராவது வந்து வைத்துவிட்டுப் போவார்கள். மாமி என்னோடு நேரே பேச மாட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், "மாப்புளக்கி இன்னொரு இடியாப்பம் வேணுமான்னு கேளும்மா" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜுனைதாவிடம் சொல்வார். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் எவ்வளவு நாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்?

ஹோட்டலில் ஆள் குறைத்தார்கள். விசாவும் முடிந்தது. பெட்டியோடு வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜுனைதாவின் தகப்பனார், என் மாமா, ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அவர் மனதில் வேறு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்புள, ராமநாதபுரம் ரோட்டுல ஹாஜியார் கடை ஒண்ணு காலியா இருக்கு. இங்கன ஒரு நல்ல பேக்கரி இல்ல. ஒங்க கைக்கு அதுதான் சரி" என்றார் ஒரு நாள்.

ஹாஜியார் அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி. கடையை வேறு சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நாக்குல பட்டாத்தான் நான் நம்புவேன். அந்த அரபி சாப்பிட்ட சாமான எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க, சாவியக் கையில தாரேன்" என்று ஹாஜியார் சிரித்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை அசருக்குப் பிறகு வாங்க என்று மாமா சொல்லிவிட்டார்.

அரபிக் கதை ஹாஜியார் வரைக்கும் போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு சட்டி

கிண்ணங்கள் பற்றிக் கவலை இல்லை. மாமியும் ஜுனைதாவும் காலையிலேயே பாலில் கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. மேலே ஊற்றுகிற சாஸ் மட்டும் என் பாடு.

செல்போனில் வீடியோ பார்த்தேன். சீனியைக் காய்ச்சி, நிறம் மாறியதும் கிரீம் ஊற்றி, வெண்ணெய் போட்டு, கொஞ்சம் கொதிக்க விட்டு இறக்கு என்றார்கள். செய்தேன். சீனி உருகி, பொன்னிறமாகி, செம்பழுப்புக்கு வந்தது. கிரீமை ஊற்றியதும் சீறிக்கொண்டு பொங்கி அடங்கியது. கிளறிவிட்டுக் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது.

வீடியோவை நம்பி அப்படியே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பேன். நான் நம்பியது என் கண்ணை. நான் பார்த்த கேரமல் இப்படி ஓடாது. அது மெல்ல வழியும், கோடு போட்டால் போட்ட இடத்தில் நிற்கும். பயந்துபோய்ச் சோளமாவை ஒரு கை அள்ளிக் கொதிக்கிற சட்டியில் நேரே தூவினேன். மாவு சிறுசிறு உருண்டையாக வெந்து மிதந்தது. பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்க வேண்டும். அது கூடத் தெரியாது.

இரண்டாவது தடவை எச்சரிக்கையாக இருந்தேன். மாவே வேண்டாம், சுண்ட விடுவோம். அடுப்பில் கொதித்துக்கொண்டே இருந்தது. நான் கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். டின்னில் பார்த்த அதே கெட்டி வருகிற வரைக்கும் இறக்கவில்லை. வந்ததும், அல்ஹம்துலில்லாஹ் என்று அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோதுதான் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

இருந்த இரண்டு பாக்கெட் கிரீமும் தீர்ந்துவிட்டது. ராமநாதபுரம் போய் வாங்கி வர நேரமில்லை. சட்டியைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய் மறைத்துவிடலாம் என்று திரும்பினேன். வாசற்படியில் ஜுனைதா நின்றுகொண்டிருந்தாள்.

அடுப்பில் பார்க்காதது

அவள் சட்டியைப் பார்த்தாள். கரண்டியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"எப்ப எறக்குனீங்க?"

"நல்லா கெட்டியானதும்தான்."

"கொதிக்கும்போதே கெட்டியா இருந்துச்சா?"

"ஆமா. சாஸ்னா அப்படித்தானே இருக்கணும்."

அவள் அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

இங்கே தொதலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிற அல்வா மாதிரிப் பண்டம் அது. கீழக்கரையில் அது இல்லாமல் விசேஷமில்லை. பாகு எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குக் கைரேகை மாதிரித் தெரியும். அபிராமத்தில் நாங்கள் தொதலைக் கடையில் வாங்கித் தின்றதோடு சரி.

"பாகு அடுப்புல இருக்கும்போது எளக்கமாத்தான் மச்சான் இருக்கும். ஆறுனா எறுகும். எங்க தெருவுல எந்தப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும்" என்றாள் மெதுவாக. "நாலு வருசம் தெனமும் செஞ்ச ஒங்களுக்குத் தெரியலையா?"

நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க இத அடுப்புல பாத்ததே இல்ல. அப்படித்தான?"

மாமா கேட்டிருந்தால் இன்னொரு கதை கட்டியிருப்பேன். சீனி சரியில்லை, உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, இந்த அடுப்பு எனக்குப் பழக்கமில்லை. எத்தனையோ இருந்தது. அவள் குரலில் கோபம் இருந்திருந்தாலும் சமாளித்திருப்பேன். அவள் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"டின்லதான் பாத்தேன்" என்றேன். "ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த டின்."

"அப்ப அங்கன என்ன வேல?"

"சட்டி கழுவுனேன். மூணு வருசம். அப்புறம் டின் தொறந்தேன்."

"தொப்பி?"

"வேற ஆளோடது."

"அந்த அரபி?"

"அப்படி ஒருத்தரே இல்ல ஜுனைதா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சட்டி கழுவுனது எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். வாப்பா கொழும்புல மூட்ட தூக்குனவுக. அத அவுகளே எல்லார்ட்டயும் சொல்லுவாக. நான் அந்த அரபி கதைய எங் கூட்டாளிமாருக்கெல்லாம் சொன்னேன்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "சும்மா சொல்லல. அவரு எப்படி நடந்து வந்தாரு, எப்படிக் கையப் புடிச்சாருன்னு நடிச்சுக் காட்டுனேன்."

இதை எழுதுகிறபோதும் அந்த வார்த்தை எனக்கு வலிக்கிறது. அவமானத்தில் இரண்டு வகை உண்டு. நாம் படுவது ஒன்று, நம்மால் இன்னொருவர் படுவது ஒன்று. முதலாவது எனக்கு நன்றாகப் பழக்கம்.

பள்ளிவாசலில் அசருக்கு பாங்கு சொன்னார்கள். முன்கட்டில் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தொழப் போகிற சத்தம் கேட்டது.

ஜுனைதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேறு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"சீனிய எடுங்க" என்றாள்.

தலைப்பால்

கிரீம் இல்லை. ராத்திரிக் குழம்புக்காக மாமி பிழிந்து வைத்திருந்த தேங்காய்த் தலைப்பால் இருந்தது. அதை எடுத்து இன்னொரு அடுப்பில் வெதுவெதுப்பாகச் சுட வைத்தாள். சீனி சிவந்ததும் தீயைக் குறைத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அது சீறவில்லை. வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. பிறகு கிண்டிக்கொண்டே இருந்தாள். தேங்காய்ப்பால் கொதித்துத் திரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தீயை அதற்கு மேல் ஏற்றவேயில்லை.

"ஃப்ரீசர்ல ஒரு தட்டு வைங்க." வைத்தேன். "தட்ட எடுங்க." எடுத்தேன்.

சில்லிட்ட தட்டில் ஒரு சொட்டு விட்டாள். விரலால் நடுவே கீறினாள். கீறிய கோடு உடனே மூடிக்கொண்டது. இன்னும் நாலைந்து நிமிஷம் சுண்ட விட்டாள். மறுபடி ஒரு சொட்டு. இந்தத் தடவை கோடு அப்படியே நின்றது. சட்டியில் இருந்ததோ இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் இறக்கியிருக்கவே மாட்டேன். அவள் இறக்கிவிட்டாள்.

அந்த அரை மணி நேரமும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுங்க, வைங்க என்பதைத் தவிர வேறு பேசவுமில்லை. எனக்கு ஹாஜியார் மறந்துபோனார். கடை மறந்துபோனது. இவள் இனி நான் எது சொன்னாலும் நம்புவாளா? அது ஒன்றுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம்

ஹாஜியார் வந்து உட்கார்ந்ததும் மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஹாஜியார் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். திரையை விலக்கி ஜுனைதா கை மட்டும் நீட்ட, நான் தட்டை வாங்கி வைத்தேன். வெள்ளைக் கடல்பாசி மேல் சாஸ் பளபளவென்று கெட்டியாக வழிந்து, பாதியில் நின்றிருந்தது. டின்னில் வந்ததை விட நன்றாக இருந்தது.

ஹாஜியார் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "தேங்கா வாசம் வருதே! அரபிக்கும் இப்படித்தான் குடுத்தீங்களா மாப்புள?"

நான் சிரித்து வைத்தேன். ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. சாவிக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் தூரம்தான்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திரைப் பக்கம் திரும்பி, "ஜுனைதா, மாப்புள செய்யும்போது பக்கத்துலதான நின்ன? எப்படிச் செஞ்சாகன்னு ஹாஜியார் மாமாவுக்குச் சொல்லு" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜுனைதாவின் குரல் வந்தது.

"ஆமா வாப்பா. அவுகளேதான் செஞ்சாக. நான் ஒண்ணுமே தொடல."

தட்டையான குரல். எனக்குத் தெரிந்து அவள் தன் தகப்பனிடம் பொய் சொன்னதில்லை. பள்ளிக்கூட நாளில் பரீட்சையில் பெயிலானதைக் கூட வாசலுக்கு ஓடிவந்து முதல் ஆளாகச் சொன்னவள் என்று மாமாவே சிரித்துச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவளை நான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

"இல்ல மாமா" என்றேன். "செஞ்சது ஜுனைதாதான். நான் செஞ்சது ரெண்டு சட்டி, ரெண்டும் வீணாப் போச்சு. எனக்கு இது தெரியாது. அங்க நான் செஃப் இல்ல. சட்டி கழுவுனேன். அரபியும் இல்ல, ஒருத்தரும் இல்ல. எல்லாம் நான் கட்டுன கத."



மாமா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் நல்ல மனிதர். கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். "சாமான் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கடைக்கு ஒண்ணும் அவசரமில்ல. பாப்போம், இன்ஷா அல்லாஹ்."

"மஃரிபுக்கு நேரமாச்சு" என்று மாமா எழுந்தார். அந்த மாலைத் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

அந்தக் கடையில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். மாமா என்னோடு பேச நோன்புப் பெருநாள் வர வேண்டியிருந்தது. அதுவரை மாமியின் இடியாப்பம் மட்டும் குறையாமல் வந்தது. "மாப்புளக்கி வேணுமான்னு கேளு" என்பது மட்டும் நின்றுபோனது. கேட்காமலே வைத்துவிட்டுப் போனார்கள்.

சட்டி

அன்றைக்கு அவர்கள் போன பிறகு நான் முன்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகத் துணிச்சல் இல்லை. அடுப்படியிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஜுனைதா கல்லாகிப்போன சட்டியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு கத்தியால் குத்திக்கொண்டிருந்தாள். கையில் அவ்வளவு ஆத்திரம்.

"குத்தாத. சட்டி ஓட்டையாப் போகும்" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. "எதுக்குச் சொன்னீங்க? நான்தான் சமாளிச்சேனே."

"நீ பொய் சொல்லிக் கேக்க முடியல."

"நீங்க சொன்னா எனக்கு மட்டும் கேக்க முடியுமா?"

கிட்டப் போய் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி ஓரமாக வைத்தேன். சட்டியையும் வாங்கினேன். அவள் தடுக்கவில்லை.

சட்டி விளிம்பு வரைக்கும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்துத் தீயைக் கூட்டினேன். இறுகின கேரமலைச் சுரண்டக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க விட்டால் தானாகக் கரையும். கொஞ்ச நேரத்தில் கரண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பழுப்புத் தண்ணீரைக் கொட்டினேன். மறுபடி ஊற்றிக் கொதிக்க வைத்தேன். அப்புறம் கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, கம்பி நாரை எடுத்து, விளிம்பிலிருந்து உள்ளே, வட்டம் வட்டமாக, கீறல் விழாமல் தேய்த்தேன். கை தானாக ஓடியது. கண் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தேன். ஜுனைதா முக்காலியைக் கொண்டுவந்து போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில், எனக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரு வேலையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நாலு வருசமும் இப்படித்தானா?" என்றாள்.

"மூணு" என்றேன். "ஒரு வருசம் டின்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. குனிந்து சட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பக்கமும் கருகியிருக்கு பாருங்க" என்றாள்.

திருப்பிப் போட்டுத் தேய்த்தேன்.